பெட்டிக்குள் இருந்த கொம்பியூட்டர்

எங்கள் வீட்டுக் கொம்பியூட்டருக்குக் காய்ச்சல் தொடங்கியது அக்காவின் கலியாணத்துக்கு ஆறு வாரம் இருக்கும்போது. கொழும்பில், வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில், அப்பா, அம்மா, நான் என்று மூன்று பேர் குடியிருந்தோம். அக்கா ரொறன்ரோவில் இருந்தாள். கலியாணமும் அங்கேதான். அப்பாவும் அம்மாவும் விசாவுக்கு இரண்டு தரம் போட்டார்கள். இரண்டு தரமும் இல்லை என்று கடிதம் வந்தது. சண்டை நடக்கிற நாட்டிலிருந்து போகிறவர்கள் திரும்பி வரமாட்டார்கள் என்று விசா கொடுக்கிறவர்களுக்குச் சந்தேகம். அப்பாவைத் தெரிந்த யாரும் அப்படிச் சந்தேகப்பட மாட்டார்கள். வீட்டில் இத்தனை சாமான்களை விட்டுவிட்டு அவர் எங்கே போய் இருக்கப் போகிறார்?

இரண்டாவது கடிதம் வந்த அன்று அம்மா அழவில்லை. கடிதத்தை மடித்து உறைக்குள் போட்டுவிட்டு, "தாலி கட்டுறதையாவது நான் என்ர கண்ணால பாக்கவேணும்" என்றா. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. எடுக்காததுதான் எங்களைப் பயப்படுத்தியது.

வழி இருந்தது. அக்காவின் தோழி ஒருத்தி மண்டபத்துக்கு மடிக்கணினி கொண்டுபோவாள், அதிலிருந்து படம் இணையத்தில் எங்கள் வீட்டுக்கு வரும். எங்கள் முகமும் அங்கே தெரியும். ஒரு வெப்காம் வாங்கி மொனிட்டரின் தலையில் பொருத்தினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒத்திகை பார்த்தோம். முதல் பத்து நிமிசம் எல்லாம் நன்றாகவே போகும். பிறகு மவுஸ் நொண்டத் தொடங்கும். அக்காவின் குரல் ஒரு பக்கமும் வாய் இன்னொரு பக்கமுமாகப் போகும். உள்ளே இருக்கிற விசிறி இரைய ஆரம்பிக்கும். கடைசியில் அக்கா வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுவிடுவாள், திரை கறுத்துவிடும். இருபது நிமிசம், கூடினால் இருபத்திரண்டு. அப்பா கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்து ஒவ்வொரு தரமும் நேரம் பார்த்தார். நேரம் பார்ப்பதையே அவர் வைத்தியம் என்று நினைத்திருந்தாரோ என்னவோ.

கொம்பியூட்டரைப் பற்றிக் கருத்துச் சொல்ல வெள்ளவத்தையில் ஆளுக்குக் குறைவில்லை. கீழ்வீட்டு மாமா வைரஸ் என்றார். பால் கொண்டுவருகிற மனிசி கடற்காத்து என்றா. அம்மா அது களைத்துப் போய்விட்டது, ஒரு கிழமை ஓய்வு கொடுங்கள் என்றா, வெள்ளிக்கிழமை அதன் நெற்றியில் திருநீறும் பூசிவிட்டா. நான் ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் நாள் முழுக்கக் கொம்பியூட்டரோடு மாரடிக்கிறவள். அதனால் என் கருத்துக்கு வீட்டில் மரியாதை அதிகம். தேவையில்லாத கோப்புகளை எல்லாம் அழிக்கச் சொன்னேன். அப்பா மூன்று மாலை இருந்து அழித்தார். கடைசியில் நான் மேற்படிப்புக்கு எழுதி வைத்திருந்த விண்ணப்பமும் போய்விட்டது. காய்ச்சல் மட்டும் போகவில்லை.

இந்த இடத்தில் அப்பாவின் பெட்டிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா யாழ்ப்பாணக் கச்சேரியில் அரசாங்கக் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். கொழும்புக்கு வந்த பிறகு புறக்கோட்டையில் ஒரு மொத்தக் கடையில் காலையில் மட்டும் போயிருந்து கடிதம் எழுதிக் கொடுப்பார். வரும்போது வெறுங்கையோடு வரமாட்டார், ஒரு வெறும் காட்போட் பெட்டியாவது கக்கத்தில் இருக்கும். எங்கள் வீட்டில் எந்தச் சாமானும் தன் பெட்டியைப் பிரிந்ததில்லை. மிக்சி பெட்டிக்குள் இருந்தது. இஸ்திரிப் பெட்டிக்கும் ஒரு பெட்டி இருந்தது. குளிர்சாதனப் பெட்டி, வந்த அன்று அடிபடாமல் இருக்க அடியில் வைத்திருந்த வெள்ளை ரெஜிபோம் துண்டின் மேலேயே ஏழு வருசமாக நின்றது. கதவடியில் ஒரு சூட்கேஸ், அதற்குள் குடியிருப்பதைப் பொலிசில் பதிந்த துண்டு, பிறப்புச் சான்றிதழ், எல்லாவற்றுக்கும் மும்மூன்று பிரதி. கொழும்புக்கு வந்து நாலு வீடு மாறிவிட்டோம். முதலில் கொட்டாஞ்சேனையில் இரண்டு, பிறகு வெள்ளவத்தையில் இரண்டு. வீட்டுக்காரர் வந்து தொண்டையைச் செருமினால் போதும், ஒரு மணித்தியாலத்தில் நாங்கள் ரெடி. மற்றச் சனம் லொறியை நிறுத்தி வைத்துக்கொண்டு பழைய பேப்பர் தேடி ஓடும்போது, அப்பா வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். அந்த நேரத்தில் அவர் முகத்தில் தெரிகிற பெருமையை வேறு எந்த நேரத்திலும் நான் பார்த்ததில்லை.

கொம்பியூட்டரும் அப்படித்தான். அதன் பெரிய கறுப்புத் தகரக் கூடு வந்த பெட்டியிலேயே, இரண்டு பக்கமும் ரெஜிபோம் அணைத்தபடி, மேசைக்கு அடியில் இருந்தது. முன்பக்கம் பொத்தான் தெரிகிற அளவுக்கு ஒரு சதுரம், பின்பக்கம் வயர்கள் வருகிற அளவுக்கு ஒரு ஓட்டை. சவர பிளேட்டால் அளந்து வெட்டியது அப்பாதான். வெட்டிய துண்டை, திரும்ப ஒட்டத் தேவைப்படும் என்று உறையில் போட்டு, மேலே எழுதியும் வைத்திருந்தார்.

வாசிக்கிற உங்களுக்கு இப்போதே விளங்கியிருக்கும். எங்களுக்கு விளங்கவில்லை. அந்த வீட்டில் பெட்டி என்பது சுவர் மாதிரி, யாருடைய கண்ணிலும் படாது. வேலை செய்கிற கந்தோரில் நாள் முழுக்கப் பெட்டியில்லாத கொம்பியூட்டர்களுக்கு நடுவில் இருந்த என் கண்ணிலும் படவில்லை என்பதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

பம்பலப்பிட்டியில் கொம்பியூட்டர் கடைகள் நிறைந்த ஒரு கட்டடத்தில், மாளிகாவத்தையைச் சேர்ந்த முஸ்லிம் ஒருவர் திருத்த வேலை செய்தார். முப்பது வயதிருக்கும், பொறுமைசாலி. அவரிடம் கொண்டுபோவது என்று முடிவானது. அப்பா பெட்டியின் மூடியை மடித்து, கயிறு போட்டு, பற்றுச்சீட்டின் பிரதியைப் பெட்டியின் மேலே ஒட்டினார். ஓட்டோவில் நானும் அவரும், நடுவில் பெட்டி. காலி வீதிச் சோதனைச் சாவடியில் மறித்தார்கள். அந்தக் காலத்துக் கொழும்பில், இரண்டு தமிழருக்கு நடுவில் கயிறு போட்டுக் கட்டிய பெட்டி இருந்தால் மறிக்காமல் என்ன செய்வார்கள்?

இளம் ஆமிக்காரன் இது என்ன என்று கேட்டான். அப்பாவுக்கு அரசாங்க உத்தியோகச் சிங்களம். இலக்கணம் பிழைக்காது, ஆனால் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு நிறுத்தவும் தெரியாது. இது ஒரு மெஷின் மாத்தயா, போட்டவுடன் சூடேறத் தொடங்கும், சரியாக இருபதாவது நிமிசம் எல்லாம் முடிந்துவிடும் என்று விளக்கினார். ஆமிக்காரன் இரண்டு அடி பின்னால் போனான். ஓட்டோக்காரர் இறங்கி மூன்று அடி போனார். பிறகு நான்தான் வாய் திறந்து கொம்பியூட்டர் என்றேன். கயிற்றை அவிழ்த்துப் பார்த்தார்கள். பார்த்த பிறகு அந்தப் பொடியன் சிரித்துவிட்டு, தங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது, அதுவும் இப்படித்தான் சூடாகும், காற்றுப் படுகிற மாதிரித் திறந்து வைக்க வேண்டும் என்றான். ஓட்டோ நகர்ந்ததும் அப்பா, "ஆமிக்காரனுக்கு இதைப் பற்றி என்ன தெரியும்?" என்றார். தீர்ப்புச் சொல்கிற நீதவான் தோற்றுப்போவார்.

கடையில் அந்த மனிதர் மெஷினைப் பெட்டியிலிருந்து வெளியே தூக்கி மேசையில் வைத்து ஓடவிட்டார். ஒரு மணித்தியாலம் ஓடியது, இரண்டு மணித்தியாலமும் ஓடியது. ஒரு குறையும் இல்லை. படம் போட்டுக் காட்டினார், பாட்டுப் போட்டுக் காட்டினார். திரும்பப் பெட்டிக்குள் வைத்துத் தந்தார். வீட்டுக்கு வந்து போட்டோம். பத்தொன்பது நிமிசம்.

அடுத்த கிழமையும் போனோம். அவர் தூசு தட்டினார், உள்விசிறியை மாற்றினார், சிப்புக்கு மேலே புதிதாகப் பசை பூசினார். கடையில் அரை நாள் ஓடியது. வீட்டில் இருபத்தொரு நிமிசம். வைத்தியரைக் கண்டதும் சுகமாகிவிடுகிற கீழ்வீட்டு மாமாவைப் போல இருக்கிறது என்றா அம்மா. அப்பாவுக்கு இப்போது எங்கள் வீட்டு மின்சாரத்தில் சந்தேகம். எனக்கு அப்பாவில் சந்தேகம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. அம்மா கலியாணத்தன்று உடுக்கிற பட்டுச் சேலையை எடுத்து வெயிலில் காயப் போட்டுவிட்டு, எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தா.

கலியாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது அந்த மனிதர் கடையைப் பூட்டிவிட்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா தேத்தண்ணி கொடுத்தா. குடித்துவிட்டு மேசைக்கு முன்னால் வந்து நின்றார். மேலே பார்த்தார், மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார், சுவர்ப் பக்கம் பார்த்தார்.

"அங்கிள், மெஷின் எங்க?"

"உள்ளுக்குத்தான்" என்று அப்பா பெட்டியைக் காட்டினார்.

அவர் பெட்டியைப் பார்த்தார். முன்பக்கச் சதுரத்தைப் பார்த்தார். ரெஜிபோமுக்கும் தகரத்துக்கும் நடுவில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு உடனே வெளியே எடுத்தார். பிறகு நிலத்தில் உட்கார்ந்து, சத்தம் வராமல், தோள் குலுங்கச் சிரித்தார். "கடைக்குக் கொண்டு வாறதுக்குத்தான் பெட்டில வெச்சீக்கிறீங்கண்டு நெனச்சேன், அங்கிள். இது இதுக்குள்ளயே மூச்சுவுட ஏலாமக் கெடந்தீக்கி."

நானும் சிரித்தேன். அம்மாவும் சிரித்தா. அப்பா சிரிக்கவில்லை. பெட்டியிலிருந்து எடுக்க ஏலாது என்றார். வேண்டுமானால் இன்னும் இரண்டு ஓட்டை போடலாம், எடுக்க மட்டும் ஏலாது. எடுத்தால் ரெஜிபோம் உடையும், உடைந்தால் திரும்ப இறுக்கமாக வராது, நாளைக்கு ஒன்று நடந்தால் எப்படிக் கொண்டுபோவது? திருத்த வந்தவர் என்னைப் பார்த்தார். எனக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. இரண்டு நாளில் பிள்ளையின் கலியாணம், இந்த மனிசன் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாரே என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். வந்தவருக்கு முன்னால் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது.

அப்பா என்னிடம் பேசவில்லை. அந்த மனிதரிடம் சொன்னார். சண்டைக்குள் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்ட அன்று, அம்மாவின் தையல் மெஷினை வைக்க ஒரு பெட்டி தேடி ஒழுங்கை முழுக்க அலைந்தாராம். கிடைக்கவில்லையாம். பெட்டி இல்லாமல் அதைச் சைக்கிளில் கட்ட முடியவில்லை, விட்டுவிட்டு வந்தாராம். அம்மா சட்டை தைத்துத்தான் அக்காவையும் என்னையும் படிப்பித்தவ. "ஒரு பெட்டி இருந்திருந்தால் கொண்டு வந்திருப்பன், தம்பி" என்றார். இவ்வளவு வருசத்தில் நான் அதைக் கேள்விப்பட்டதே இல்லை. வீடு நிறையப் பெட்டி வந்ததற்குக் காரணம் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அம்மா தேத்தண்ணிக் கோப்பையை எடுக்க வந்தவ. கையில் கோப்பையோடு நின்றா.

"இஞ்சேருங்கோ, பெட்டி இருந்திருந்தாலும் அந்த மழைக்குள்ள அதை ஆர் தூக்கியிருப்பினம்? உங்கட சைக்கிள் வழியில, கைதடியிலயே காத்துப் போனது. நான் அந்த மெஷினை அண்டைக்கே மறந்திட்டன். இந்தப் பிள்ளையின்ர கழுத்தில தாலி ஏறுறதைப் பாக்காட்டி, அதைத்தான் மறக்கமாட்டன்."

சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டா. அப்பா குனிந்து, தானே இரண்டு கையாலும் மெஷினைப் பெட்டியிலிருந்து உருவி எடுத்தார். அந்த ஒரு நாளைக்கு மட்டும் என்று நிபந்தனையும் போட்டார். வந்தவர் அதன் பக்கத் தகட்டைக் கழற்றி, மேசைக்குப் பக்கத்தில் ஸ்டூலில் வைத்து, நீண்ட நேரம் ஓட வேண்டுமென்றால் மேசை ஃபேனையும் இதற்கு நேரே வையுங்கள், இவ்வளவு நாள் வெந்ததில் உள்ளே ஏதாவது பழுதாகியிருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். மேசை ஃபேன் அலுமாரிக்கு மேலே, பெட்டிக்குள், நாலு முடிச்சுப் போட்ட கயிற்றுக்குள் இருந்தது. அதை அவிழ்க்கவே அரை மணித்தியாலம் போனது.

கலியாணத்தன்று, அங்கே காலை, இங்கே விளக்கு வைக்கிற நேரம். அம்மா பட்டுச் சேலையோடு திரைக்கு முன்னால் உட்கார்ந்தா, மடியில் ஒரு சின்னத் தட்டில் வாழ்த்தித் தூவுகிற அறுகரிசி. நான் பக்கத்தில். அப்பா பட்டு வேட்டி, சால்வை. மணவறை தெரிந்தது, ஐயர் தெரிந்தார். மடிக்கணினியை மண்டபத்து ஒலிபெருக்கியோடும் இணைத்திருந்தார்கள், அம்மா அப்பாவின் வாழ்த்து எல்லோருக்கும் கேட்க வேண்டும் என்று அக்காவின் ஆசை. ஐந்து நிமிசம் போயிருக்கும், அக்காவின் தோழி திரைக்குக் கிட்ட வந்து, குரலைத் தாழ்த்தி, அங்கே ஹெலிகொப்டர் ஏதும் சுற்றுகிறதா என்று கேட்டாள். மண்டபத்தில் சனம் பயந்துபோய் விட்டதாம். வயது போன இரண்டு பேர் கதிரையை விட்டு எழும்பி மேலே பார்த்தார்களாம். எங்கள் மேசை ஃபேனின் இரைச்சல்தான் மைக்கில் போய், ரொறன்ரோவில் ஹெலியாக வட்டமடித்திருக்கிறது.

ஃபேனை நிறுத்தினோம். கால் மணித்தியாலத்தில் மவுஸ் நொண்டத் தொடங்கியது. மணவறையில் ஐயரின் கை பாதியில் நின்று நின்று போனது. அம்மா தட்டோடு திரைக்குக் கிட்டக் குனிந்தா. அப்போது பின்னால் கிழிகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். அப்பா கொம்பியூட்டர்ப் பெட்டியின் மூடியில் ஒரு பக்கத்தை முழுதாகக் கிழித்துக் கையில் வைத்திருந்தார்.

மேசைக்கும் சுவருக்கும் நடுவில் ஸ்டூலுக்குப் பக்கத்தில் போய் நின்று, திறந்திருந்த பக்கத்துக்கு அந்த அட்டையால் காற்றுப் பட விசுக்கத் தொடங்கினார். சத்தம் இல்லை. கொஞ்சத்தில் ஐயரின் கை ஒழுங்காக அசைந்தது. அவர் நின்ற இடத்திலிருந்து மொனிட்டரின் பக்கவாட்டுத்தான் தெரியும், படம் தெரியாது. திருப்பலாம் என்றால் அதன் தலையில் காமரா. நான் எழும்பி, தாருங்கள் அப்பா, நான் செய்கிறேன் என்றேன்.

"உனக்கு ஒரே மாதிரி விசுக்கத் தெரியாது, நீ இரு" என்றார்.

அப்படியே ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நின்றார். அம்மா திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தா. கூறைச் சேலை மாற்றப் போகிறாள். கூறையோடு வந்துவிட்டாள், நல்ல சிவப்பு. மாப்பிள்ளை எழும்புகிறார். மேளம் அப்பாவுக்கும் கேட்டது. அம்மா அறுகரிசியை அள்ளித் திரையின் மேல் தூவினா. அது கீபோர்ட்டுக்குள் விழுந்து பல மாதம் என்னை வதைத்தது. அப்பாவின் இரண்டு கையும் வேலையில் இருந்தன, அவர் தூவவில்லை.

"கட்டியாச்சோ?"

"ஓம். கட்டியாச்சு."

"அழுதவளோ?"

"இல்லை. சிரிச்சுக்கொண்டு இருக்கிறாள்."

அப்பா தலையை ஆட்டினார். வேட்டியும் சால்வையும் வியர்வையில் ஒட்டிப்போயிருந்தன. விசுக்குவதை நிறுத்தவில்லை. நான் அழுதேன், ஏன் என்று கேட்டால் அக்காவுக்காக என்றுதான் சொல்லியிருப்பேன்.

கொம்பியூட்டர் பிறகு பெட்டிக்குள் போகவில்லை. மூடி கிழிந்த பெட்டி எதற்கு ஆகும்? அப்பா திருந்திவிட்டார் என்று நினைக்க வேண்டாம். அடுத்த கிழமையே புறக்கோட்டையிலிருந்து அதே அளவில் ஒன்று கொண்டுவந்து, தட்டையாக மடித்துக் கட்டிலுக்குக் கீழே வைத்தார்.

மூன்று மாதம் கழித்து, ஊருக்கு வந்த ஒருவரிடம் அக்கா கலியாண அல்பத்தைக் கொடுத்துவிட்டாள். அதில் ஒரு படம், மணவறைக்கு முன்னால் கதிரையில் வைத்திருந்த மடிக்கணினியை மட்டும் கிட்ட எடுத்தது. திரையில் அம்மாவின் முகம், என் முகத்தில் பாதி. இடது ஓரத்தில் மண்ணிறமாக ஒரு அட்டை மூலை, அதில் இந்தப் பக்கம் மேலே என்று காட்டுகிற அம்புக்குறி. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். அம்பு மேலே பார்த்துத்தான் நிற்கிறது, அட்டையைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறேன் என்றார்.

அன்று அக்காவோடு கதைக்கும்போது, அப்பா மட்டும் ஒரு படத்திலும் விழவில்லையே என்று அம்மா குறைப்பட்டா. யார் சொன்னது என்று அக்கா கேட்டாள். அவளிடமும் அதே படம் பெரிதாக்கிச் சுவரில் இருக்கிறதாம். வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்டால், இது அம்மா, இது தங்கச்சி என்று ஒவ்வொன்றாகக் காட்டிவிட்டு, அந்த அட்டை மூலையில் விரலை வைத்து, இது அப்பா என்று சொல்வாளாம்.